வெள்ளிக்கிழமை இடம் மாற வேண்டும்

மாலை மயங்கிவிட்டிருந்தது. சென்னையிலிருந்து வருகிற ஈசிஆர் ரோடு, கனகசெட்டிக்குளத்துக்குக் கொஞ்சம் முன்னால், கடலை ஒட்டி வளைகிற இடம். மழை அப்போதுதான் விட்டிருந்தது. அந்த ரோட்டில் வண்டி ஓடாத நேரம் என்று ஒன்று கிடையாது... அன்றைக்கு மட்டும் ஒன்றுகூட இல்லை.

ஓரத்தில் ஒரு பைக் சாய்ந்து கிடந்தது. முகப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என்ஜின் இன்னும் அணையவில்லை... டுப்... டுப்... டுப்.

படகைக் கரையேற்றிவிட்டு வந்த மீன்பிடிக்காரர்கள் இரண்டு பேர்தான் முதலில் பார்த்தார்கள். பையன் மணலில் குப்புறக் கிடந்தான். தோளில் மாலை போட்டதுபோல் ஒரு கம்பிச் சுருள். ஒருவர் மூக்கில் கைவைத்துப் பார்த்தார். மூச்சு இல்லை. ஆனால் வலதுகை விரல்கள் மட்டும் ஈர மணலை அழுத்திக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாக... நிதானமாக... எதையோ முடிக்கப் பார்ப்பதுபோல. போலீசிடம் இதையும் சொன்னார்கள். போலீஸ் எழுதிக்கொள்ளவில்லை.

கரண்ட் வர இன்னும் நேரமாகும் போலிருக்கிறது. நெருங்கி உட்காருங்கள். தஹ்ஸீனை உங்களுக்குத் தெரியும், நம் ஊர் மேட்டுப்பாளையத்தில் கம்பெனி வேலைக்குப் போகிறவள். அவளுடைய சின்னம்மா கனீஸ் பாத்திமாவின் வீட்டில் நடந்தது இது. ஒரே ஒரு வேண்டுகோள்... நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் யாரும் சத்தமாக மூச்சு இழுக்காதீர்கள்.

முல்லா வீதியில் அந்த வீடு. கனீஸ் பாத்திமாவின் கணவர் உசேன் பியானோ பழுது பார்ப்பவர். ஊரை விட்டுப் போன பிரெஞ்சுக் குடும்பங்கள் விட்டுச்சென்ற பியானோக்களை வாங்கி, சரிசெய்து, விற்பார். அவர் மவுத்தானபோது விற்காமல் இரண்டு நின்றுவிட்டன. ஒன்று பிரான்சில் செய்தது, மெழுகுவத்தி வைக்க முகப்பில் இரண்டு பித்தளைக் கைகள் உள்ளது. மற்றது கல்கத்தாவில் செய்தது. இரண்டும் ஆளுயரத்துக்கு நிமிர்ந்து நிற்கிற வகை. தஹ்ஸீன் சின்ன வயதில் அவற்றைப் பார்த்து, "ஏன் சின்னம்மா, ரெண்டு பீரோ இருக்கு, ஒண்ணுலகூட துணி இல்லியே" என்று கேட்டாளாம்.

முன்னறை ஒடுக்கமானது. அதனால் பியானோக்கள் எதிரெதிர்ச் சுவர்களில் நின்றன. வாசிக்க உட்கார்ந்தால் ஒருவர் முதுகு மற்றவருக்குத்தான். அந்த அறையில்தான் அண்ணன் ஷாரிக்கும் தங்கை ஆஃப்ரினும் வளர்ந்தார்கள்.

இரண்டு பியானோ வாசிப்பில் ஒரு பழக்கம் உண்டு. முதல் பியானோவில் இருப்பவர்தான் ஆரம்பிக்க வேண்டும். இரண்டாம் பியானோ பதில் சொல்லும். மேடையில் என்றால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் தலையசைத்துத் தொடங்கலாம். இங்கே முதுகுதான். அதனால் முதல் பியானோக்காரர், கையை இறக்குவதற்கு முன், மூக்கால் சுருக்கென்று ஒரு மூச்சு இழுப்பார்... ஸ்ஹ்... அவ்வளவுதான். அதைக் கேட்டதும் பின்னால் இருப்பவர் மூச்சை விட்டபடி சேர்ந்துகொள்வார். திரும்பிப் பார்க்க வேண்டியதே இல்லை.

முதல் பியானோ எப்போதும் பித்தளைக் கை வைத்ததுதான். நாதம் நன்றாக இருக்கும். கல்கத்தாக்காரி கொஞ்சம் தொண்டை கட்டினவள். யார் எதில் உட்காருவது என்று பிள்ளைகளுக்குள் தினமும் சண்டை. ஒருநாள் கனீஸ் பாத்திமா கரண்டியோடு வந்து தீர்ப்புச் சொன்னாள். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை இடம் மாற வேண்டும். ஜும்மா தொழுகை முடிந்து ஷாரிக் வீட்டுக்கு வந்ததும் அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள். "வெள்ளிக்கிழமடா. இடம் மாறுங்க ரெண்டு பேரும்." பிள்ளைகள் பெரியவர்களாகி, ஊரில் பேர் எடுத்து, பத்திரிகையில் படம் வந்த பிறகும் அந்தக் குரல் நிற்கவில்லை. ஷாரிக் முனகிக்கொண்டே எழுவான். "ஹைகோர்ட்டு சொல்லிடுச்சு. எழுந்திரு தங்கச்சி."

அந்த வருஷம் ஒரு நிகழ்ச்சிக்குக் கேட்டிருந்தார்கள். போலந்தும் பிரான்சும் என்று தலைப்பு. பாரிசில் வாழ்ந்து மடிந்த ஒரு போலந்துக்காரரின் மஸூர்கா ஒன்றை ஷாரிக்கே இரண்டு பியானோவுக்குப் பிரித்து எழுதியிருந்தான். மஸூர்கா என்பது அவர்கள் ஊர் ஆட்டம். மூன்று தட்டு. ஆனால் அழுத்தம் முதல் தட்டில் விழாது, தள்ளி விழும். ஷாரிக்குக்கு அதிலும் ஒரு பழக்கம். மூன்றாவது தட்டைக் கொஞ்சம் தாமதிப்பான். விழுமா விழாதா என்று கேட்கிறவர் நெஞ்சு ஒரு கணம் நிற்கும்... அப்புறம் விழும். "ஒருநாள் அது விழாமலே போவப்போவுது, பாத்துக்க" என்று ஆஃப்ரின் அவனைத் திட்டுவாள்.

நிகழ்ச்சிக்கு முந்தைய வாரம் அவன் கல்கத்தா பியானோவில் இருந்தான். வாசித்துக்கொண்டிருக்கும்போது கீழ்ச்சுருதியில் ஒரு கம்பி அறுந்தது. அந்தக் கனத்தில் கம்பி இங்கே கிடைக்காது. சென்னைக்குப் போனான். கம்பியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினான்.

மிச்சம்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

ஒருவர் போன வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும். பெரிய விஷயங்கள் தாங்கிக்கொள்ளும்படிதான் இருக்கும். அரிசி களையும்போது கை தன்னால் பழைய அளவை எடுக்கும் பாருங்கள்... அதுதான் தாங்காது. கனீஸ் பாத்திமாவுக்கு அது தினமும் நடந்தது. ஆஃப்ரினோ பேசவும் இல்லை, அழவும் இல்லை. வேறு ஆளை வைத்து வாசிக்கலாமே என்று நிகழ்ச்சிக்காரர்கள் கேட்டபோது போனை வைத்துவிட்டாள். தட்டில் சோறு காய்ந்தது. இருக்கிற ஒன்றையும் இப்படியே எடுத்துக்கொள்வாயா ரப்பே என்று அந்தத் தாய் தொழுகைப் பாயிலேயே கிடந்தாள். அவளுக்கு அப்போது ஒரே தேவை. பெண் பிழைக்க வேண்டும். எப்படியாவது.

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்தது. அதற்குப் பிறகு ஒரு மதியம். மதியத்தில் நம் ஊர் எப்படி இருக்கும் என்று தெரியுமே. கடைகள் சாத்தியிருக்கும். வெயில் தெருவில் தனியாக நிற்கும். கனீஸ் பாத்திமா அடுப்படியில் இருந்தாள். முன்னறையில் பியானோமேல் போட்டிருந்த போர்வையை உருவுகிற சத்தம் கேட்டது. மூடி திறக்கிற சத்தம். பிறகு...

ஸ்ஹ்.

ஆஃப்ரினின் மூச்சு. மஸூர்கா தொடங்கியது. முதல் பியானோவின் பங்கு மட்டும். கேள்வி வரும், பதில் வர வேண்டிய இடம் வெறுமையாகக் கடந்துபோகும். அடுத்த கேள்வி வரும். அவள் அந்த வெற்றிடங்களை விரைந்து கடக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் முழுசாகக் காத்திருந்தாள். தாய் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு கேட்டாள். அன்று இரவு ஆஃப்ரின் சாப்பிட்டாள். அதனால் தாய் தடுக்கவில்லை.

தினமும் மதியம் இப்படியே நடந்தது. அப்புறம் ஒருநாள், ஒரு வெற்றிடத்தின் நடுவில்...

டொக்.

பியானோவுக்குள் கம்பியை அடிக்கிற சின்னச் சுத்தி, கம்பி இல்லாத இடத்தில் போய் அடிக்கிற சத்தம். கட்டைமேல் துணி சுற்றித் தட்டியதுபோல. கல்கத்தா பியானோவிலிருந்து.

ஆஃப்ரின் நிறுத்தவில்லை. மறுநாள் அந்த டொக்கோடு கூட இரண்டு சுரம் வந்தது. அதற்கு மறுநாள் ஒரு வரி. அந்த வாரம் முடிவதற்குள் பதில் முழுதாக வந்துவிட்டது. அறுந்த கம்பியின் இடத்தில் மட்டும் டொக் என்று பல் விழுந்த வாய்போல. மூன்றாவது தட்டு... தாமதித்து... விழுந்தது.

முன்னறைக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு திரை மட்டும்தான். கனீஸ் பாத்திமா அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விலக்கவில்லை. வாசித்து முடித்து வந்த மகளிடம் ரகசியம்போலக் கேட்டாள்.

"அண்ணனா?"

"நான் திரும்பிப் பாக்கலம்மா," என்றாள் ஆஃப்ரின். "நீயும் பாக்காத."

இரண்டு மாதத்துக்குப் பிறகு அந்தப் பெண்ணின் முகத்தில் இரத்தம் ஓடியிருந்தது. பசிக்கிறது என்று வாய்விட்டுக் கேட்டாள். ஒரு தாய்க்கு வேறென்ன வேண்டும். பயம் வரவில்லை என்று சொல்லமாட்டேன். வந்தது. அதை அடுப்பில் போட்டுவிட்டாள். அடுத்த நாளிலிருந்து திரைக்கு அடியில் இரண்டு டம்ளர் டீ நகர்த்தி வைத்தாள். ஒன்று காலியாகத் திரும்பும். மற்றது ஆடை படிந்து அப்படியே திரும்பும். கொட்ட மனசு வராமல் அதை அவளே குடிப்பாள்.

போலீஸ் திருப்பிக் கொடுத்த கம்பிச் சுருள் அடுப்படி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு காலையில் பார்த்தால் ஆணி வெறுமையாக இருந்தது. ஆஃப்ரினுக்குக் கம்பி கட்டத் தெரியாது. அத்தா உசேன் அந்த வேலையை மகனுக்கு மட்டும்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். அன்று மதியம் டொக் வரவில்லை. அந்த இடத்தில் கீழ்ச்சுருதி ஓங்கி ஒலித்தது. அலமாரிப் பாத்திரங்கள் அதிர்ந்தன. வீடெல்லாம் ஈர மணல் வாடை.

கனீஸ் பாத்திமா அழுதாள். சந்தோஷத்தில்தான். தஹ்ஸீன் ஞாயிற்றுக்கிழமை வந்தபோது அவளிடம் மட்டும் சொன்னாள். தஹ்ஸீனோ, இது வேணாம் சின்னம்மா, பியானோவைப் பூட்டிச் சாவியைக் கடலில் போடுங்கள் என்று கெஞ்சியிருக்கிறாள். சின்னம்மா அவளை உட்காரவைத்து மீன்குழம்பு ஊற்றினாள். "அவன் தங்கச்சிக்காகத்தானேடி வர்றான். என் புள்ள வேறென்ன கேட்டான்? ஒரு வாய் சோறுகூட கேக்கல."

பிறகு அந்த வெள்ளிக்கிழமை.

பள்ளிவாசலில் ஜும்மா முடிந்து தெருவில் ஆட்கள் கலைந்துபோனார்கள். கனீஸ் பாத்திமா நெய்ச்சோறு கிளறிக்கொண்டிருந்தாள். திடீரென்று அத்தர் வாசம். ஷாரிக் வெள்ளிக்கிழமைகளில் பூசுகிற அதே மல்லிகை அத்தர். திரைக்கு அந்தப் பக்கம் பிரெஞ்சுப் பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, தண்ணீர் தளும்புவதுபோல. நடுவில் ஆஃப்ரின் எங்கேயோ தப்பு செய்து, சிரித்தாள். எத்தனை நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. இரண்டு பியானோவும் நின்றன. அந்த வீடு அந்த ஒரு நிமிஷம் பழைய வீடாக இருந்தது. நெய் வாசம், அத்தர் வாசம், உள்ளே பிள்ளைகள்... கை கிளறிக்கொண்டிருக்க, அவள் வாய் தன்னால் திறந்தது. அரிசிக்குக் கை போவதுபோலத்தான்.

"வெள்ளிக்கிழமடா. இடம் மாறுங்க ரெண்டு பேரும்."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. கரண்டி நின்றது.

உள்ளே ஸ்டூல் நகர்கிற சத்தம். கர்ர்... சின்ன வயதிலிருந்தே அம்மா சொல்லைத் தட்டாத பெண் அவள். நாலு எட்டு நடந்தாள். கல்கத்தா பியானோவின் முன்னால் உட்கார்ந்தாள். அந்த ஸ்டூல் முனகுவது தனியாகத் தெரியும்.

பிறகு, இன்னொரு ஸ்டூல் நகர்ந்தது.

கனீஸ் பாத்திமா கூப்பிடப் பார்த்தாள். கரண்டியைப் போட்டுவிட்டுத் திரையைப் பிடித்தாள். அறையில் எதுவும் அசையவில்லை. தெருவில் ஒரு காக்கைகூட இல்லை...

ஸ்ஹ்.

பித்தளைக் கை வைத்த பியானோவிலிருந்து. ஆழமான மூச்சு. ஆம்பளை மூச்சு.

மஸூர்கா தொடங்கியது. இப்போது கேள்வி அங்கிருந்து வந்தது. ஆஃப்ரின் பதில் சொன்னாள். முடிந்தது. மறுபடி மூச்சு. மறுபடி தொடங்கியது. தாய் திரையைக் கிழித்தே விட்டாள். முதல் பியானோவின் ஸ்டூலில் யாரும் இல்லை. கட்டைகள் இறங்கி ஏறிக்கொண்டிருந்தன. பித்தளைக் கைகள் இரண்டும் தாளத்துக்கு நடுங்கின. எதிர்ச்சுவரில் ஆஃப்ரினின் முதுகு. தோளைப் பிடித்து உலுக்கினாள். பெண் திரும்பவில்லை. அஸர் பாங்கு கடந்து, பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு கேட்கிற வரைக்கும் அது ஓயவில்லை.

ஓய்ந்த பிறகு ஆஃப்ரின் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எழுந்திரும்மா. நெய்ச்சோறு ஆறிப்போவுது."

அசையவில்லை. கனீஸ் பாத்திமா காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். வெகுநேரம் கழித்து, முதுகுக்குப் பின்னால், யாரும் இல்லாத ஸ்டூலிலிருந்து மெல்ல...

ஸ்ஹ்.

ஆஃப்ரின் எழுந்தாள்.

அன்றிலிருந்து அவள் எதையும் தானாகத் தொடங்குவதில்லை. தட்டுக்கு முன்னால் உட்காருவாள். எதிரே வெறும் நாற்காலி. அங்கிருந்து அந்தச் சின்ன மூச்சு வந்தால் கை சோற்றுக்குப் போகும். வராவிட்டால் போகாது. கேட்டதற்குப் பதில் சொல்வாள், அதுவும் மூச்சு கேட்ட பிறகு. வலிக்கிறதா என்றால் இல்லை என்பாள். பயமா என்றால் இல்லை என்பாள். இரண்டாம் பியானோ பதில் மட்டும்தானே சொல்ல முடியும்.

கனீஸ் பாத்திமா செய்யாதது இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்ததும், நெய்ச்சோறு வைத்து, அதே இடத்திலிருந்து அதே வார்த்தைகளைச் சொன்னாள். ஆஃப்ரின் எழவில்லை. இடம் மாறுவதையும் முதல் பியானோதானே தொடங்க வேண்டும்... அது தொடங்கவில்லை. மகளுக்கு எதிரே தானே உட்கார்ந்து மூக்கால் மூச்சு இழுத்துப் பார்த்தாள். நெஞ்சு வலிக்கிற வரைக்கும் இழுத்தாள். பெண் இவளை இரக்கத்தோடு பார்த்தாள், அவ்வளவுதான். பெரிய மார்க்கெட்டிலிருந்து மூட்டை தூக்குகிறவர்களைக் கூட்டிவந்து பித்தளைக் கைப் பியானோவை ஏற்றி அனுப்பினாள். தெருமுனையில் வண்டி மறையும் வரைக்கும் நின்று பார்த்தாள். உள்ளே வந்தாள். சுவரில் பியானோ நின்ற இடம் மட்டும் வெளுத்துச் சதுரமாகத் தெரிந்தது. அந்தச் சதுரத்திலிருந்து...

ஸ்ஹ்.

டாக்டர் அதிர்ச்சி என்றார், மாத்திரை கொடுத்தார். கடைசியாகத் தஹ்ஸீன் மார்க்கம் படித்த ஓர் ஆலிமை அழைத்துவந்தாள். வயதானவர். கூடத்தில் உட்கார்ந்து நெடுநேரம் கண்ணை மூடிக் கேட்டார். ஓதிப் பார்க்கலாம், போகச் சொல்லலாம், போய்விடும் என்றார். எல்லாரும் கனீஸ் பாத்திமாவைப் பார்த்தார்கள். இத்தனை நாள் இதற்காகத்தான் அழுதாள்.

"வேணாம்," என்றாள்.

தஹ்ஸீனுக்குக் கோபம் வந்துவிட்டது. மகன் மேல் உள்ள ஆசையில் மகளைக் கொல்கிறீர்களா என்று கேட்டேவிட்டாள்.  கனீஸ் பாத்திமா அவள் கையைப் பிடித்து அறைக்குள் அழைத்துப் போனாள். ஆஃப்ரின் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு நாற்காலி கிடந்தது. ஆஃப்ரினின் நெஞ்சில் தஹ்ஸீனின் கையை வைத்து அழுத்தினாள் சின்னம்மா.

"கேளு."

தஹ்ஸீன் கேட்டாள்.

ஆஃப்ரின் மூச்சை வெளியே விட்டாள். மெதுவாக, நீளமாக, கடைசிவரைக்கும். கைக்குக் கீழே நெஞ்சு தணிந்தது. அப்படியே நின்றது. அவள் மூக்கு எதையும் உள்ளே இழுக்கவில்லை.

ஸ்ஹ்.

நாற்காலியிலிருந்து. அதற்குப் பிறகுதான் நெஞ்சு ஏறியது.

மறுபடி வெளியே விட்டாள்... தணிந்தது... நின்றது... நாற்காலியில் ஸ்ஹ்... ஏறியது.

ஆலிமைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தஹ்ஸீன் இப்போது வேலை முடிந்ததும் அங்கேதான் போகிறாள், இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள். இரண்டு பேரும் மாற்றி மாற்றி அந்த நெஞ்சில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். வேறு வழி தெரியவில்லை. ஷாரிக் தங்கச்சியை ஒருநாளும் கைவிடமாட்டான் என்று சின்னம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறாளாம்.

ஆனால் அவனுக்கு அந்தப் பழைய பழக்கம் போகவில்லை. இரண்டு மூச்சு சரியாக வருகிறது.

மூன்றாவது... கொஞ்சம் தாமதமாக வருகிறது.